போதும் என்று சொல்லத் தெரிந்த சார்ஜர்

கடைக்காரர் அட்டைப்பெட்டியைப் பிரித்து சார்ஜரை மேஜையில் வைப்பதற்குள் ஆம்பியர் அக்காவின் புறங்கை அதன் முதுகில் பதிந்துவிட்டது. அதற்கு இன்னும் மின்சாரமே கொடுக்கவில்லை. சூடு இருக்க வழியே இல்லை. இருந்தாலும் தொட்டாக வேண்டும். எஞ்சின், பேட்டரி, டீ டம்ளர், மகளின் நெற்றி என்று எதையும் அவர் புறங்கையால்தான் விசாரிப்பார். உள்ளங்கை பழகிப்போய்ப் பொய் சொல்லும் என்பது அவர் கட்சி.

“இது எத்தனை ஆம்பியர்ங்க?”

“எண்பது மேடம். இந்தக் கடையிலயே பெருசு இதுதான்.”

“பெருசு இருக்கட்டும். பேட்டரி நிறைஞ்சப்புறம் இது என்ன பண்ணும்?”

கடைக்காரர் பெட்டியின் நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். “நிறைஞ்சா, நிறைஞ்சிருக்கும் மேடம்.”

“அதைக் கேக்கலங்க. போதும்னு தானா அடங்குமா, இல்ல ஊத்திக்கிட்டே இருக்குமா?”

மூன்று நாளாக இதே கேள்வி. கடைக்காரருக்கு இப்போதெல்லாம் அக்காவின் நீலச் சட்டை தெருமுனையில் தெரிந்தாலே காகிதத்தைத் தேடும் சாக்கில் மேஜைக்கடியில் குனிந்துகொள்ளத் தோன்றுகிறது.

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. ஆறு கடலில் சேரும் இடத்தில் இக்கரைக்கும் அக்கரைக்கும் நாளைக்குப் பதினான்கு தடவை போய்வருகிற பயணிகள் படகில் எஞ்சின் அவர் பொறுப்பு. ஏணி வழியாகக் கீழே இறங்கினால் அவர் ராஜ்ஜியம். அங்கே கேப்டனே செருப்பைத் துடைத்துக்கொண்டுதான் வரவேண்டும். பேட்டரியின் அமிலம் எவ்வளவு உரமாக இருக்கிறது என்று அளக்கும் கண்ணாடிக் குழாய்க்குப் பழைய சட்டைத் துணியில் தானே ஓர் உறை தைத்திருக்கிறார். அது எப்போதும் அவர் தோளில் தொங்கும். பெயர் பொறித்த அடையாள அட்டையை மறந்துவிட்டு வந்த நாட்கள் உண்டு. அந்தக் குழாயை மறந்ததில்லை.

படகின் டீசல் எஞ்சினை எழுப்ப இரண்டு பேட்டரிகள் கைகோத்து வேலை செய்கின்றன. பன்னிரண்டு வோல்ட்டும் பன்னிரண்டும் சேர்ந்து இருபத்துநாலு. ஒவ்வொன்றையும் தூக்க இரண்டு ஆள் வேண்டும். இடது பக்கம் இருப்பது பெரியவன், வலது பக்கம் சின்னவன். ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியவைதான். “பெரியவன் ஒரு நிமிஷம் முன்னாடி எறங்கினான்” என்பார் அக்கா, பிரசவம் பார்த்த மருத்துவச்சி மாதிரி.

போன மாதம் இந்த இருவரும் சேர்ந்து அவர் மானத்தை வாங்கினார்கள். நூற்றிருபது பயணிகள் ஏறி உட்கார்ந்த பிறகு எஞ்சின் இருமிவிட்டு மௌனமானது. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. சின்னவன் சோர்ந்து கிடந்தான், பெரியவன் கொதித்துக்கொண்டு தண்ணீர் தண்ணீராகக் குடித்தான். அடுத்த வாரமே துறையோரம் இருந்த பழைய சார்ஜரும் புகைவிட்டு ஓய்ந்தது. செய்தி மேலே போய், ஆய்வாளர் இரண்டு வாரம் கழித்து வியாழக்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பினார். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பேட்டரியில் இருப்பதை மட்டும் கொண்டு, எஞ்சினை ஆறு தடவை எழுப்பி ஆறு தடவை அணைத்துக் காட்ட வேண்டும். ஒரு தடவை தவறினாலும் படகு கரையோடு நிற்கும். அக்கா சாமான் கிடங்குக்கு மாற்றப்படுவார்.

கிடங்கில் நல்ல நாற்காலி, மின்விசிறி எல்லாம் உண்டு. ஆனால் அக்காவுக்கு அது ஒத்துவராது. “தரை ஆடாத எடத்துல எப்படிங்க நாள் பூரா நிக்கறது? தலை சுத்தாதா?” என்று அவர் கேட்டதைப் படகுத்துறை மேலாளர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

மேலாளர் நல்ல மனிதர்தான். “ஏம்மா மண்டைய ஒடச்சுக்கறீங்க? இருக்கறதுலயே பெருசா ஒண்ணு வாங்கிப் போட்டுட்டு நிம்மதியா இருங்க” என்றார். எண்பது ஆம்பியர் என்றால் எந்தக் கவலையும் இல்லை என்பது அவர் கணக்கு. அக்காவின் கணக்கு வேறு.

“சார், எஞ்சினை எழுப்பறது நாலு விநாடி வேலை. ஒரேயடியா குடுத்துட்டு உக்காந்துருவானுங்க. அந்த நாலு விநாடில போனதை நிரப்ப முப்பது ஆம்பியர் தாராளம். மிச்ச நேரமெல்லாம் சார்ஜரோட சும்மா ஒட்டிக்கிட்டு இருக்கப்போறவனுங்க சார். சும்மா இருக்கும்போது அந்தச் சார்ஜர் எப்படி நடந்துக்குதுன்னுதான் பாக்கணும்.”

கடைசியில் கடைக்காரரே வழிக்கு வந்தார். எண்பது ஒன்று, முப்பது ஒன்று, இரண்டையும் கையில் கொடுத்து, “நீங்களே வச்சுப் பாத்துட்டு எது வேணுமோ சொல்லுங்க, நான் இங்கேயே இருக்கேன்” என்று கும்பிட்டார். அன்று மாலை இரண்டும் அக்காவின் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தன. வீட்டுக்காரர் நகல் எடுக்கும் கடை வைத்திருக்கிறார். சாந்தமானவர். தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா சார்ஜரோடு வந்த தாளைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க, இதைக் கேளுங்க. முதல்ல வேகமா குடுக்குமாம். முக்கால்வாசி ஆனதும் நிதானமாயிடுமாம். நிறைஞ்சதும் சும்மா தொட்டுக்கிட்டு மட்டும் இருக்குமாம். எவ்வளவு பக்குவம் பாருங்க.”

“கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்துல என்னைப் பத்தி ஒருநாள் இப்படிப் பேசினதில்ல.”

“நீங்க நிறைஞ்சதே இல்லையே. மூணாவது தடவை போட்டாலும் தட்டை நீட்டுறீங்க.”

மகள் புரையேறும் வரை சிரித்தாள். அக்கா அவள் நெற்றியைப் புறங்கையால் தொட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

படகில் எண்பதை இரண்டு நாள், முப்பதை இரண்டு நாள் வைத்துப் பார்த்தார். எண்பது போட்டதும் பெரியவன் புஸ்புஸ்ஸென்று பொங்கினான், அறையெல்லாம் அமில நெடி. அது எதிர்பார்த்ததுதான். முப்பதில் கதை மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. பெரியவன் வெதுவெதுப்பாகத்தான் இருந்தான், சின்னவன் அப்போதும் சவலைப்பிள்ளையாகவே கிடந்தான். குழாயில் உறிஞ்சிப் பார்த்தால் இருவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம். ஒரே சார்ஜர், ஒரே வயர், ஒரே நேரம். அக்காவுக்குப் பைத்தியம் பிடிக்கும் போலிருந்தது. வியாழனுக்கு மூன்று நாள்தான் இருந்தது.

மத்தியானம் படகு கரையில் நின்றது, எஞ்சின் அணைந்திருந்தது. மேலே கேப்டனின் பாட்டுப் பெட்டி மட்டும் பாடிக்கொண்டிருந்தது. அக்கா தன்னையறியாமல் தலையை ஆட்டினார், ஸ்பானரால் தாளம் போட்டார். இரண்டாவது சரணத்தில் ஸ்பானர் நின்றது. எஞ்சின் ஓடவில்லை, பாட்டு மட்டும் எங்கிருந்து சாப்பிடுகிறது?

சின்னவனின் தலையிலிருந்து ஒரு சிவப்பு வயர் கிளம்பி, சுவரோடு ஏறி, கேப்டன் அறைக்குள் நுழைந்தது. பாட்டுப் பெட்டிக்குப் பன்னிரண்டு வோல்ட்தான் ஆகும் என்று சின்னவனிடமிருந்து மட்டும் எடுத்துக் கொடுத்த வயர். பதின்மூன்று மாதமாக இருக்கிறது. அழகாக முடிச்சுப் போட்டு, அழகாக டேப் சுற்றி, கொடுத்தது வேறு யாருமில்லை, அக்காதான். சின்னவனின் தட்டிலிருந்து பாட்டுப் பெட்டி தினமும் எடுத்துத் தின்றிருக்கிறது. அவனை நிரப்பப் போட்டதெல்லாம் ஏற்கெனவே நிறைந்திருந்த பெரியவன் தொண்டையிலும் சேர்ந்து இறங்கியிருக்கிறது. உலகத்தில் எந்தச் சார்ஜர் வந்தாலும் இதைச் சரிசெய்திருக்க முடியாது.

அக்காவுக்குச் சிரிப்பு வந்தால் நிற்க முடியாது, உட்கார்ந்துவிடுவார். கருவிப் பெட்டிமேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். சத்தம் கேட்டு இறங்கி வந்த கேப்டன் செருப்பைத் துடைக்க மறந்துவிட்டார்.

“என்னக்கா ஆச்சு?”

“திருடன் கெடச்சுட்டான் சார். நான்தான்.”

சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் பயமாகவும் இருந்தது. ஒரு மாதமாகப் பழைய சார்ஜரைத் திட்டித் தீர்த்தவர் அவர். வயரைப் பேசாமல் பிடுங்கிப் போட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அக்கா அதைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு நேராக மேலாளர் மேஜைக்குப் போனார். “தப்பு என் கையில இருக்கு சார்” என்று வயரை வைத்தார். மேலாளர் வயரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். “அப்ப எந்தச் சார்ஜர் வாங்கறது?” என்று மட்டும் கேட்டார்.

“முப்பதுதான் சார். அப்புறம் ரெண்டு பேட்டரிகிட்டயும் சமமா வாங்கி இருபத்துநாலைப் பன்னிரண்டாக்குற குட்டிப் பெட்டி ஒண்ணு. பாட்டு இல்லாம கேப்டன் சாருக்குக் கை ஓடாது.”

“கேப்டனுக்கா, உங்களுக்கா?”

“ரெண்டு பேருக்கும்தான் சார்.”

சின்னவனைத் தனியாகப் பிரித்து, அவனளவுக்குச் சின்ன சார்ஜர் ஒன்றை இரவல் வாங்கி, இரண்டு நாள் பொறுமையாக ஊட்டினார். புதன்கிழமை மாலை குழாயில் மிதவை இருவருக்கும் ஒரே கோட்டில் நின்றது. அன்று வீட்டில் வீட்டுக்காரருக்குக் கேட்காமலே மூன்றாவது தடவையும் பரிமாறினார்.

வியாழக்கிழமை ஆய்வாளர் வந்தார். மெலிந்த மனிதர், அதிகம் பேசாதவர். சார்ஜரின் இணைப்பைத் தானே பிடுங்கிவிட்டு, கையில் தாளோடு ஓரமாக நின்றார். மேலாளர் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அக்கா முதல் தடவை பொத்தானை அழுத்தினார். எஞ்சின் உறுமி எழுந்தது. அணைத்தார். இரண்டு. மூன்று. நான்காவதில் கேப்டன் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். ஐந்தாவதில் ஒரு கணம் இழுத்தது, மேலாளர் கண்ணை மூடிக்கொண்டார், பிறகு அதுவும் எழுந்தது. ஆறாவது முதல் தடவையைப் போலவே துள்ளி எழுந்தது.

“போதும்மா” என்றார் ஆய்வாளர், கையெழுத்துப் போட்டுக்கொண்டே.

அக்கா எஞ்சினை அணைத்தார். குனிந்து பெரியவனைப் புறங்கையால் தொட்டார், பிறகு சின்னவனை. இரண்டும் ஒரே பதம். நிமிர்ந்தவரின் முகமெல்லாம் சிரிப்பு. ஆய்வாளர் பேனாவை மூடிப் பையில் வைத்து ஏணியின் முதல் படியில் கால் வைத்ததும், அக்கா ஏழாவது தடவையாகப் பொத்தானை அழுத்தினார்.