எந்தக் கை முதலில்?

எண்பதுகளின் தொடக்கம். நிந்தவூரில் கலியாணம் முடித்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி மனைவியின் வீட்டில் இருந்தேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். அதுவரை வயல் வெட்டு, நெல் மில், லொறி என்று ஊர் ஊராகத் திரிந்தேன். காரணம் வலிப்பு. ஓரிடத்தில் நாலு பேர் பார்க்க விழுந்துவிட்டால், அடுத்த பஸ்ஸில் வேறு ஊருக்குப் போய்விடுவேன்.

கலியாணத்துக்குப் பிறகு அப்படிப் போக முடியவில்லை. கல்முனை ஆஸ்பத்திரியில் தந்த குளிசைகளை ஒழுங்காக விழுங்கினேன். மாற்றித் தந்ததையும் விழுங்கினேன். வலிப்பு நிற்கவில்லை. கொழும்புக்கு அனுப்பினார்கள். மனைவியும் கூட வந்தாள்.

அங்கே தமிழ் தெரிந்த ஒரு டொக்டர். தலையில் வயர்களை ஒட்டிச் சோதித்துவிட்டுச் சொன்னார்: இது குளிசைக்கு அடங்காது, மூளையில் வலிப்புத் தொடங்கும் இடத்தை வெட்டி எடுக்கலாம். அது வலப்பக்கம் போல இருக்கிறது, நிச்சயமில்லை. இடப்பக்கம் என்றால் பேச்சே போகக்கூடும், கை வைக்கமாட்டார்.

"எந்தக் கை முதலில் விறைக்கும்?"

"வலது கை" என்றேன். விழித்தெழும்போதெல்லாம் சாவிக்கொத்து அந்தக் கையில்தான் இறுகியிருக்கும்.

டொக்டரின் முகம் வாடியது. வலது கையை ஆட்டுவது இடப்பக்க மூளையாம்.

மனைவி குறுக்கே விழுந்தாள். "இல்ல டொக்டர்! சாவிய பொறகு நாங்கதான் வெச்ச. வலிப்பெண்டா இரும்பு குடுக்கோணும் எண்டு ஊர்ல செல்லுவாங்க. சோத்துக் கையிலதானே எதையும் குடுக்கிற. இவருக்கு முதல்ல வாய் சப்பும். இடக்கை முறுக்கி விறைக்கும். மற்றக் கை சேட்டுப் பொத்தானத் திருகும். தைச்சுத் தைச்சே என்ட கண் போச்சு!"

டொக்டர் சிரித்துவிட்டார். செய்து காட்டச் சொன்னார். அவள் வெட்கத்தை விட்டு வாயைச் சப்பி, கையை முறுக்கிக் காட்டினாள். என் வலிப்பை நான் முதன்முதலாகப் பார்த்தது அவள் முகத்தில்தான்.

பிறகு செய்த சோதனைகளும் வலப்பக்கத்தையே காட்டின. ஒப்பரேசன் நடந்தது. தலைக்கட்டோடு கண் விழித்தபோது அவள் குனிந்து கேட்டாள்: "நான் ஆரு, செல்லுங்க பாப்பம்."

பேரைச் சொன்னேன்.

"அல்ஹம்துலில்லாஹ்! சண்டை புடிக்க ஆள் இரிக்கி" என்றவள் அழுதுவிட்டாள்.

குளிசையை இன்னும் விடவில்லை. எப்போதாவது இடக்கை லேசாக மரக்கும், விழுவதில்லை. திரிகிற குணமும் போகவில்லை. ஆனால், நான் அறியாத அந்த நிமிடங்களில் எல்லாம் ஒருத்தி பயப்படாமல் என் முகத்தையே பார்த்திருந்தாள் என்ற நினைப்பு, எங்கே போனாலும் என்னை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறது.