குறிக்கு நின்றவர்

பாகலூர் சாலையிலுள்ள எங்கள் கம்பெனியில் துப்பாக்கியின் மேல் பொருத்தும் தொலைநோக்கி செய்கிறோம். இருட்டில் பார்க்கும் கேமராவும் உடற்சூட்டைக் காட்டும் கேமராவும் அதில் சேர்ந்தே இருக்கும். சோதித்துப் பார்ப்பது என் வேலை.

அதற்குச் சூடான ஓர் உடம்பு வேண்டும். பொழுது சாய்ந்ததும் கேட் செக்யூரிட்டியைக் கூப்பிடுவேன். ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். கடைசி மதிலருகே போய், சட்டையின் மேல் பொத்தானைப் போட்டு, மீசையை நீவிவிட்டு விறைப்பாக நிற்பார். திரும்பி வந்ததும், “போட்டோ நல்லா விழுந்துச்சா சார்?” என்பார். நான் திருத்தவில்லை. “சூப்பர்ண்ணா” என்று சிரிப்பேன்.

ஒருநாள் தானும் பார்க்க வேண்டுமென்றார். கொடுத்தேன். மதிலருகே கேன்டீன் அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். கண்ணை வைத்துப் பார்த்தவர் என் பக்கம் திரும்பினார்.

“அந்தம்மா நெஞ்சு மேல கூட்டல் குறி நிக்குது சார். எம்மேலயும் இப்பிடித்தான் நின்னுச்சா?”

“துப்பாக்கியே இல்லையேண்ணா. வெறும் டெஸ்ட்தான்.”

“அது தெரியுது சார். சொல்லியிருந்தாலும் நின்னுருப்பேன்.”

குரலில் கோபமே இல்லை. மறுநாள் கூப்பிடாமலே மதிலை நோக்கி நடந்தார். ஓடிப்போய் நிறுத்தினேன். கேன்டீனில் வாங்கிய வெந்நீர் கேனைக் காட்டி, இனி இது போதும் என்றேன். கனமாக இருக்கும் சார் என்று என் கையிலிருந்து வாங்கி, அவரே கொண்டுபோய் வைத்தார்.

தொலைநோக்கியில் கேன் பளிச்சென்று தெரிந்தது. இத்தனை மாதமாக எனக்கு அது தோன்றவே இல்லை.