கொழுந்துக்கு ஏது கரண்டு

கதவின் இரும்புக் கொண்டியில் பட்ட கை நெருப்பைத் தொட்டதுபோல் பின்னால் தெறித்தது. அந்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தக் கைதான். விடியற்காலை, வெளியே பனி. மலைநீர் பாயும் பீலியில் தண்ணீர் பிடிக்க வாளியோடு கிளம்பிய சின்னம்மா வாசலிலேயே நின்று தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடியே, கதவுல கரண்டு அடிக்குதுடி" என்றார். நான் ஓடிப்போய்த் தொட்டேன். வெறும் இரும்பு, குளிர்ந்து கிடந்தது. எனக்கு ஒன்றும் செய்யவில்லை என்றேன். "ஒனக்கு எங்க அடிக்கும்? ரப்பர் செருப்புல நிக்கிற" என்று சொல்லிவிட்டு, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு கொண்டியைத் தள்ளினார்.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. அம்மா கொழும்பில் வேலை செய்வதால் நான் வளர்ந்தது தலவாக்கலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், சின்னம்மாவின் ஒற்றை அறைக் காம்பராவில். கொழுந்து பறிக்கும் கை அவருடையது. முன்வரிசையில் நின்று, பக்கத்தில் இருப்பவளிடம் கதை பேசியபடி, கண் வேறெங்கோ இருக்க விரல் மட்டும் தானாகக் கொழுந்தைத் தேடிக் கிள்ளும். அவருக்குக் குடலில் புற்றுநோய் என்று தெரிந்து, கண்டியில் ஆபரேஷன் முடிந்து, இரண்டு வாரத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு தடவை சேலைனில் மருந்து ஏற்ற வேண்டும் என்று சொன்னபோது, நான் பட்டம் முடித்து வேலைக்குக் காத்திருந்தேன். சும்மா இருக்க எனக்கு வராது. உடனே ஒரு கொப்பி வாங்கினேன். சாப்பாட்டுக்குப் பச்சைப் பேனா, மாத்திரைக்குச் சிவப்பு, சந்தேகங்களுக்கு நீலம். வாந்திக்கு இஞ்சி, வாய்ப்புண்ணுக்கு உப்புத் தண்ணீர் என்று போனில் தேடித் தேடிப் பக்கம் பக்கமாக நிரப்பினேன். இரண்டாவது மருந்து ஏற்றி வீட்டுக்கு வந்த மறுநாள்தான் கதவு அடித்தது.

வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் யாராவது கரண்டு அடிக்கிறது என்றால் டொக்டரை நினைக்கமாட்டோம், கூரைக்கடியில் தொங்கும் வயரைத்தான் நினைப்போம். பழைய வயர், ஒழுகும் தகரம், மழை. சின்னம்மாவும் அதைத்தான் நம்பினார். கதவு, வாளியின் கம்பி, பீலியிலிருந்து வரும் தண்ணீர்கூட அடித்தது. நான் டவுனுக்குப் போய் டெஸ்டர் வாங்கிவந்து கதவில் வைத்தேன், வாளியில் வைத்தேன், ஈரச் சுவரில் வைத்தேன். எரியவில்லை. டெஸ்டர் பழுது என்று முடிவுகட்டி, எதற்கும் இருக்கட்டும் என்று மெயின் சுவிட்சை இறக்கிவிட்டேன். இரண்டு நாள். கரண்டுக் கேத்தல் சும்மா கிடந்தது, விறகு ஈரத்தில் புகைந்தது. சின்னம்மா பானையிலிருந்து அப்படியே தண்ணீர் மொண்டு குடித்தார். குடித்தவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வரவில்லை என்பதுபோல் கையாட்டினார். நான் முதுகைத் தடவினேன். சற்று நேரத்தில் சரியானது. புரையேறிவிட்டது என்று நினைத்தேன். அந்த நினைப்பை இன்றைக்கும் என்னால் ஓரிடத்தில் வைத்துவிட்டு நகர முடியவில்லை.

மூன்றாம் நாள் காலை லயத்துக்குப் பின்னால் உள்ள மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். நோய் லீவில் இருந்தாலும் சின்னம்மாவுக்குக் கால் நிற்காது. சால்வையைப் போர்த்திக்கொண்டு ஓரத்துச் செடிக்குப் போய், பழக்கதோஷத்தில் கையை விட்டார். இலையெல்லாம் பனித்தண்ணீர். "ஐயோ" என்று கையை உதறினார்.

பக்கத்துக் காம்பரா அக்கா கூடையைச் சரித்துக்கொண்டு திரும்பினார். இருவரும் இருபது வருடமாக அடுத்தடுத்த நிரையில் நின்று சண்டை பிடிப்பவர்கள். "என்னாடி, இங்கயும் கரண்டா?"

"ஆமாக்கா, சுள்ளுனு அடிக்குது."

"கொழுந்துக்கு ஏதுடி கரண்டு? தொர நமக்கு லைட்டு போடவே இத்தன வருசமாச்சி. தேயிலைக்கு வயர் இழுத்துட்டாராக்கும்!"

நிரை முழுக்கச் சிரித்தது. சின்னம்மாவும் கையை அக்குளில் வைத்துக்கொண்டு சிரித்தார். என்னால் முடியவில்லை. குளிர்ந்த இரும்பு, குளிர்ந்த தண்ணீர், குளிர்ந்த இலை. மூன்றுக்கும் பொதுவாக வயர் இல்லை.

சிக்னல் கிடைக்கும் வளைவுவரை ஓடிப்போய்க் கண்டி வார்டுக்கு அழைத்தேன். சின்னம்மாவுக்கு மருந்து ஏற்றும் நேர்ஸ் அமைதியாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: இந்த மருந்து நரம்பைத் தொடும், குளிர் பட்டால் விரலிலும் வாயிலும் தொண்டையிலும் அப்படித்தான் அடிக்கும், சில நாளில் குறையும். "தங்கச்சி, நீங்க முன்னால இருக்கும்போதுதானே சொன்னேன், குளிரான எதையும் தொட வேணாம், குடிக்க வேணாம்னு?"

சொன்னார். எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் குளிர் ஆகாது என்பது எங்கள் மலையில் எல்லாவற்றுக்கும் சொல்வது. காய்ச்சலுக்கும் சொல்வார்கள், பல்வலிக்கும் சொல்வார்கள், பிள்ளை பெற்றவளுக்கும் சொல்வார்கள். அதையெல்லாம் யார் எழுதிவைப்பது? அவர் அதைச் சொன்ன நேரத்தில், பப்பாசி சாப்பிடலாமா என்று அடுத்த கேள்வியைப் பச்சையில் எழுதிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து மெயின் சுவிட்சைப் போட்டேன். தண்ணீரைச் சுடவைத்துக் கொடுத்துவிட்டு, மருந்துதான் காரணம் என்று சொன்னேன். சின்னம்மா நிம்மதியடைவார் என்று எதிர்பார்த்தேன். நடந்தது வேறு. வயர் கோளாறு என்று நம்பியவரை அடுத்த மருந்துக்குத் தயாராகத்தான் இருந்தார். இப்போது கப்பைக் கீழே வைத்தார்.

"அப்ப ஊட்ல ஒண்ணுமில்ல. என் ஒடம்புக்குள்ளதான் கரண்டு ஓடுது."

"ஆமா சின்னம்மா, ஆனா கொறஞ்சிரும்..."

"இன்னும் பத்து தடவ இருக்கில்ல? நான் போவல."

அடுத்த மருந்துக்குப் பத்து நாள் இருந்தது. நான் பேசிக்கொண்டே இருந்தேன். போனில் படித்ததையெல்லாம் சொன்னேன், அழுதேன், அம்மாவை விட்டுப் பேசவைத்தேன். எதுவும் ஏறவில்லை. ஒரு மாலை திரும்பிவந்தபோது கதவுக் கொண்டியில் பழைய கம்பளித் துண்டு சுற்றித் தைத்திருந்தது. வாளியின் பிடியிலும், கரண்டியின் காம்பிலும்கூட. பக்கத்துக் காம்பரா அக்கா வாசற்படியில் உட்கார்ந்து ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார். "நீ போனாப் போ, போவாட்டி கெட" என்றார் உள்ளே பார்த்து. "ஆனா இந்தப் புது ஆளு இருக்காளே, எம் பக்கத்து நிரைக்கு வந்தவ, அவளத் திட்டுனா அழுவுறா. அவகூட என்னத்த சண்ட புடிக்கிறது?" உள்ளே கரண்டியால் சட்டியைக் கிளறும் சத்தம் கேட்டது.

அன்றுதான் மறைத்து வைத்திருந்ததைச் சொன்னேன். நேர்ஸ் முன்பே சொல்லியிருந்தார், நான்தான் கோட்டைவிட்டேன், மெயின் சுவிட்சை இறக்கி உங்களைப் பச்சைத் தண்ணீர் குடிக்க வைத்ததும் நான்தான் என்றேன்.

"அந்நேரம் என்னா பண்ணிக்கிட்டு இருந்த?"

"எழுதிக்கிட்டு இருந்தேன்."

"கை எழுதுச்சி. காது எங்க இருந்துச்சி?"

அடுப்பை ஊதிக்கொண்டே அவர் சொன்னார்: "சரி, நானே வந்து கேக்குறேன். பதில் புடிக்காட்டி வந்துருவேன்."

மருந்து ஏற்றும் நாள் விடியற்காலை பஸ்ஸுக்கு இரண்டு கையுறை, மூக்கையும் வாயையும் மூடிய சால்வை, சுடுதண்ணீர்ப் பிளாஸ்க்கோடு வந்தார். டொக்டரின் மேசைக்கு முன் உட்கார்ந்து, சந்தையில் பேசிப் பழகிய சிங்களத்தில், கதவிலிருந்து கொழுந்துவரை ஒன்று விடாமல் சொன்னார். தொண்டை அடைத்ததையும் சொன்னார். டொக்டர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். இதைச் சொல்லாமல் விட்டிருந்தால்தான் ஆபத்து என்றார். மருந்தின் அளவைக் கொஞ்சம் குறைத்து, இன்னும் மெதுவாக ஏற்றச் சொன்னார். தாங்க முடியாத கட்டம் வந்தால், ஏற்றுவதில் நரம்பைத் தொடும் அந்த ஒரு மருந்தை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதைத் தொடரலாம் என்றார். சின்னம்மா யோசித்தார். பிறகு எழுந்துபோய்க் கட்டிலில் படுத்து, கையை நீட்டினார்.

பன்னிரண்டும் முடிந்தது. கடைசி மூன்றில் அந்த மருந்து இல்லை. அது முடிந்து இப்போது ஒரு வருடத்துக்கு மேல். குளிர் இப்போது அடிப்பதில்லை. ஆனால் விரல் நுனி மரத்துப்போயிருக்கிறது. சூடான சட்டி தெரிவதில்லை என்பதால் அடுப்பருகே அவர் போகும்போதெல்லாம் நான் எழுந்துவிடுகிறேன். மலைக்குத் திரும்பியும் போகிறார். முன்போல் எங்கோ பார்த்துக்கொண்டு பறிக்க முடியாது. ஒவ்வொரு கொழுந்தையும் கண்ணால் பார்த்துத்தான் கிள்ள வேண்டும். கதை பேசுவது குறைந்துவிட்டது. பக்கத்து நிரை அக்காவுக்கு அதில்தான் பெரிய குறை.

போன வாரம் கண்டியில் ஸ்கேன் ரிப்போர்ட் பார்க்கும் நாள். நானும் உள்ளே போக எழுந்தேன். "நீ உக்காரு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். பெஞ்சில் இருந்தேன், எழுந்தேன், தண்ணீர் குடித்தேன், மறுபடி இருந்தேன். உள்ளே அவர் குரல் கேட்டது, வார்த்தை புரியவில்லை. பிறகு டொக்டர் பேசினார். பிறகு மறுபடி அவர் ஏதோ கேட்டார். பதில் வர நேரமானது.

வெளியே வந்தவரின் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. நான் பின்னாலேயே ஓடினேன். படியிறங்கி, கேட்டைத் தாண்டி, பஸ் நிற்கும் இடத்துக்கு வந்த பிறகுதான் நின்றார்.

"ஒண்ணும் இல்லையாம்."

நான் அங்கேயே போனை எடுத்து அம்மாவுக்கு எண்ணை அழுத்தினேன். சின்னம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். விரலுக்குத் தெரியாததால் வேண்டியதைவிட அழுத்தமாகப் பிடித்தார்.

"இப்போதைக்கு ஒண்ணும் இல்லன்னுதான் சொன்னாரு. அந்த வார்த்தைய வுட்டுட்டுச் சொல்லாத."