இன்டர்னுக்கு வேலை கொடுத்த கதை

“இன்னிக்கு நான் பதினோரு பேரா இருந்தேன்மா” என்றபடி பையை சோபாவில் எறிந்தாள் என் மகள் யாழினி.

கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. எட்டு வாரம் எங்காவது இன்டர்ன்ஷிப் செய்தால்தான் கல்லூரியில் கிரெடிட். அதற்காக கேம்ப் ஏரியாவில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இயங்கும் ஸ்டார்ட்-அப்பில் சேர்ந்திருந்தாள். செயற்கை நுண்ணறிவு கம்பெனியாம்!

“பதினோரு பேரா... புரியலையே?”

“எங்க ஆப்புக்கு ரிவ்யூ எழுதணும்மா. ஒவ்வொண்ணுக்கும் வேற பேரு. நாசிக் சுரேகா ஆண்ட்டி, தில்லில ஒரு ரிட்டயர்டு கர்னல்... எல்லாரும் அஞ்சு ஸ்டார் கொடுத்துட்டாங்க. கர்னல் மட்டும் கொஞ்சம் ஸ்ட்ரிக்ட். நாலரைதான் கொடுப்பாரு, ஆனா அரை ஸ்டாருக்கு ஆப்ஷன் இல்ல.”

எனக்கு ரத்தம் கொதித்தது. பொய் எழுதவா பெண்ணைப் படிக்க வைக்கிறேன்? பிள்ளைகளை இப்படி வீணடிக்கும் முதலாளிகளுக்கு மனசாட்சி இருக்கிறதா? நாளைக்கே போய் நாலு கேள்வி கேட்கிறேன் பார் என்று கரண்டியும் கையுமாக முழங்கினேன்.

யாழினி பொறுமையாகக் கேட்டாள். பிறகு, “உன் ஆபீஸ்ல அந்த சாயலி என்னம்மா பண்றா?” என்றாள்.

கரண்டி தானாக இறங்கியது.

நான் பிம்ப்ரியில், மெஷின்களில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு மேனேஜர். சாயலி என் டிபார்ட்மென்ட்டுக்கு வந்திருக்கும் இன்டர்ன். மெக்கானிக்கல் படிக்கும் மராத்திப் பெண். ஐந்து வாரங்களில் அவள் பெற்ற தொழில்நுட்ப அனுபவம் – பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கியது, என் பாஸின் பிறந்தநாளுக்கு கேக் வாங்கி வந்தது. கேக்கில் எழுத்துப்பிழை இல்லாமல் பார்த்துக்கொண்டாள்... அதுவும் தரக்கட்டுப்பாடுதானே?

மறுநாள் அவளைக் கூப்பிட்டேன். மூன்று மாதமாக எங்கள் உயிரை வாங்கிக்கொண்டிருந்த ஒரு பிரச்சினை. ஒரு குறிப்பிட்ட சீல், டெஸ்ட்டில் அடிக்கடி கசிந்துகொண்டிருந்தது. சீனியர்கள் மூன்று பேர் கொண்ட குழு போட்டு, அந்தக் குழு பிஸ்கட் தின்று, ‘மூலப்பொருள்தான் காரணம்’ என்று முடிவும் கட்டியாயிற்று.

“இதைப் பார்க்கறியா?” என்று டேட்டா மொத்தத்தையும் கொடுத்தேன். தப்பித்தவறிக்கூட ஏதும் கண்டுபிடிப்பாள் என்று நான் நினைக்கவில்லை. என் மனசாட்சிக்கு ஒரு வேலை, அவ்வளவுதான்.

அவள் கம்ப்யூட்டர் முன் உட்காரவே இல்லை. நோட்டுப் புத்தகத்தோடு மெஷின் பக்கமே நின்றாள். ஆபரேட்டர்களுடன் டீ குடித்தாள். என்னைப் பார்த்தால் ‘எஸ் மேடம்’ என்று விறைத்து நிற்பவர்கள், அவளிடம் மராத்தியில் ஊர்க்கதை முழுக்கப் பேசினார்கள்.

நான்காம் நாள் என் கேபினுக்கு வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

“மேடம், டீ பிரேக்குக்கு அப்புறம் வர்ற முதல் பேட்ச்தான் எப்பவும் ஃபெயில் ஆகுது. பிரேக்ல மோல்டு ஹீட்டரை ஆஃப் பண்றாங்க. திரும்ப சூடு ஏறறதுக்குள்ள சீலை அச்சுல அடிச்சிடறாங்க” என்றாள் இந்தியில்.

“யாரு ஆஃப் பண்ணச் சொன்னது?”

அவள் தான் எழுதிய ரிப்போர்ட்டை நீட்டினாள். ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். ‘இடைவேளைகளில் ஹீட்டர்களை அணைத்துவைக்கவும்’ என்ற ஒரு சர்க்குலரின் நகல். மின்சாரச் சிக்கனக் கமிட்டி வெளியிட்டது. கீழே கமிட்டித் தலைவியின் கையெழுத்து.

என் கையெழுத்து.

அந்தச் சர்க்குலருக்காக எனக்கு ஷீல்டு கொடுத்திருந்தார்கள். அது என் தலைக்குப் பின்னால் ஷெல்ஃபில் மினுக்கிக்கொண்டிருந்தது.

“மேடம்... தும்ச நாவ் காடூ கா?” என்றாள் மெதுவாக. உங்கள் பெயரை எடுத்துவிடட்டுமா?

பொய் சொல்லவில்லை, வாசகர்களே... ‘எடுத்துடும்மா’ என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. கமிட்டி என்று பொதுவாகப் போட்டால் போதாதா? அவளோ தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நான் எடுக்கச் சொல்வேன் என்று நூற்றுக்கு நூறு நம்பிய முகம் அது! அந்த நம்பிக்கைதான் என்னைச் சுட்டது.

“இருக்கட்டும். மீட்டிங்ல நீயே பேசு” என்றேன்.

பேசினாள். குரல் நடுங்கியது, கணக்கு நடுங்கவில்லை. கடைசிப் பக்கம் வந்ததும் பாஸ் தேஷ்பாண்டே சார் சர்க்குலரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “வாஹ் மேடம்! நீங்க இன்டர்ன் எடுத்தீங்களா, ஆடிட்டர் எடுத்தீங்களா?” என்று சிரித்தார். அந்தக் குழுவில் இருந்த சீனியர்கள் இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். காது சூடாகி நானும் சிரித்துவைத்தேன். அன்று மாலையே சர்க்குலர் வாபஸ். ஒரு வாரமாகக் கசிவு இல்லை.

ஹெச்.ஆர். பூரித்துப்போனது. இப்படிப்பட்ட திறமையை விடலாமா? சாயலியைக் கூப்பிட்டு மகத்தான பரிசு அறிவித்தார்கள் – இன்னும் ஆறு மாதம் இன்டர்னாகவே தொடரலாம்! அவள் ‘தேங்க்யூ சார், காலேஜ் திறக்குது’ என்று கும்பிட்டுவிட்டாள்.

யாழினி? இனி ரிவ்யூ எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். “ஓகே பேட்டா” என்று மகளைக் கொஞ்சுவதுபோல் சொல்லி அப்போதே சர்டிபிகேட்டை எடுத்து நீட்டிவிட்டார்கள். எட்டு வாரப் பணியில் ‘எக்ஸலன்ட்’. அவள் அங்கே போனது மூன்று வாரம்!

நேற்று சாயலியின் கல்லூரிப் படிவத்தில் கையெழுத்திட்டேன். ‘மாணவி உங்கள் நிறுவனத்தில் கற்றுக்கொண்டது என்ன?’ என்று கேட்டு அரைப் பக்கம் இடம் விட்டிருந்தார்கள். நிறுவனம் மாணவியிடம் கற்றுக்கொண்டதை எழுத ஒரு வரிகூட இல்லை.

பாவம், கம்பெனிகளின் கிரகிக்கும் சக்தி கல்லூரிக்குத் தெரிந்திருக்கிறது!