தார் டின் அடிக்கிறவன்

தீவில், புரோத்ராபூரில் ஆயுத பூஜை. நான் மழைக்கு ஒதுங்கிய வெல்டிங் பட்டறையின் சுவர் முழுக்க ஒரு ராக் இசைக்குழுவின் ஓவியம். பல்சக்கரங்கள், புகைக்குழாய்கள், கிதாரோடு வாய் பிளந்து கத்தும் மூன்று வெள்ளைக்காரர்கள். நடுவில் தார் டின்னை அடிக்கும் சுருட்டைமுடி இளைஞன் மட்டும் நம்மாள்.

"என் பையன் சார். அவனே வரைஞ்சது. இரும்ப அடிக்கிற மாதிரியே பாட்டு கேப்பான். பட்டறையில அடிக்கிறது பத்தாதா பேட்டான்னு இந்தியில கேப்பேன்" என்கிறார் பட்டறைக்காரர்.

வெல்டிங் மிஷினுக்கும் சுத்தியலுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தவர், சுவரில் இருக்கும் கிதாருக்கும் சக்கரங்களுக்கும்கூட வைக்கிறார். கிண்ணத்தை என்னிடமும் நீட்டுகிறார். நான் அந்த இளைஞனின் நெற்றிக்கு விரலைக் கொண்டுபோகிறேன். சட்டென்று கையைப் பிடித்துக்கொள்கிறார்.

"முகத்துக்கு வேணாம் சார். டின்னுக்கு வைங்க."

என் கையை டின் பக்கம் நகர்த்துகிறார்.

"போன சீசன்ல மீனுக்குப் போனான். டிங்கி படகு மட்டும்தான் திரும்பக் கெடச்சுது. சொந்தக்காரங்க எல்லாம் படத்துக்குப் பொட்டு வச்சு மாலை போடுன்னு சொல்றாங்க. வச்சுட்டா முடிஞ்சு போச்சுல்ல சார்."

தார் டின்னுக்கு வைக்கிறேன். விரலில் மிச்சமிருக்கும் குங்குமத்தை எங்கே துடைப்பதென்று தெரியவில்லை.