தோட்டாக் கூட்டுக்கு எந்த மசகு?

துப்பாக்கிக் கடையில் வேலை என்றால், நான் தினமும் சிறுத்தையோடு மல்லுக்கட்டுவதாக ஊரில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நான் மல்லுக்கட்டியதெல்லாம் எண்ணெயோடும் கொழுப்போடும்தான். எத்தனை கழுவினாலும் போகாத பிசுக்குக் கையோடு சோறு தின்று பழகியவர்கள் யாராவது இதைப் படித்தால், வாங்க, பக்கத்தில் உட்காருங்க. என் பாடு உங்களுக்குத்தான் புரியும்.

மாட்டிக்கொண்டது கூடு மட்டும் அல்ல

வேலூர்க் கடைத்தெருவில் கரீம் சாயபுவின் துப்பாக்கிக் கடை. அங்கே சவரிமுத்து ஆகிய நான் ஒருவனே வேலையாள். சீமைத் தோட்டா விலை ஜாஸ்தி என்பதால், வேட்டைக்காரர்கள் சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து எங்களிடம் கொடுப்பார்கள். நாங்கள் புது வெடிமருந்தும் குண்டும் வைத்துத் திரும்பத் தோட்டாவாக்கித் தருவோம். ஆனால் ஒருமுறை சுட்ட கூடு, விருந்து தின்ற வயிறு போல உப்பியிருக்கும். அதை இரும்பு அச்சுக்குள் திருகி இறக்கித்தான் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இறக்குமுன் மேலே மசகு பூசவேண்டும். பூசாவிட்டால் கூடு அச்சுக்குள்ளேயே இறுகிக்கொள்ளும். அதிகம் பூசினாலோ, போக இடமில்லாத எண்ணெய் பித்தளையை உள்ளே அமுக்கி, கூட்டின் கழுத்துக்குக் கீழே சரிகிற தோளை நெளித்துவிடும். அதனால் சாயபு கடை திறந்ததும் முதலில் பிஸ்மில்லா சொல்வார், அடுத்து "கம்மியா பூசு சவரி, ஜாஸ்தி பூசினா நெளிஞ்சுடும்" என்பார்.

ஐப்பசியில் ஒரு நாள் அந்தப் பேச்சை நான் கொஞ்சம் அளவுக்கு மீறியே மதித்துவிட்டேன். கூடு மாட்டிக்கொண்டது. இழுத்த இழுப்பில் அதன் அடிவிளிம்பு மட்டும் பிய்ந்து என் கைக்கு வந்தது, உடம்பு அச்சுக்குள்ளேயே நின்றுவிட்டது. ஜோலார்பேட்டை ரயில் பட்டறை பிட்டர் ஒருவர் பாதி நாள் குடைந்து அதை எடுத்துக் கொடுத்தார். அச்சு தப்பித்தது. இருந்ததே அந்த ஒரு அச்சுதான். அது போனால் இன்னொன்று கப்பலேறி வரவேண்டும்.

ஆம்பூரில் எனக்குப் பெண் பேசி வைத்திருந்த சமயம் அது. பெண் பெயர் புஷ்பம். அவள் அப்பா அருளப்பன், பூட்ஸ் தைக்கிற மேஸ்திரி. 'பையன் வேலூரில் நிழலில் உட்கார்ந்து வேலை செய்கிறான்' என்ற ஒரே காரணத்துக்காகத்தான் அவர் தலையாட்டியிருந்தார். வேலை போனால் நான் கணியம்பாடிக்குத் திரும்பி எங்கப்பாவோடு கடலைக்காட்டில் களை வெட்டவேண்டியதுதான். புஷ்பம் வேறு வீட்டுக்குப் போய்விடுவாள். இது சாயபுவுக்கும் தெரியும். அவர் கத்தியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அச்சைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "நல்ல மசகா ஒண்ணு கண்டுபுடி. இன்னொரு தரம் மாட்டுச்சுன்னா இந்த வேலையவே மூடிட்றேன், நீ கணியம்பாடிக்கு டிக்கெட் எடுத்துக்கோ."

தேங்காயெண்ணெய்

வீட்டிலேயே இருக்கிறதே என்று முதலில் தேங்காயெண்ணெயைப் பிடித்தேன். அடேயப்பா, என்ன வழுக்கு! கூடு சத்தமில்லாமல் இறங்கியது, சத்தமில்லாமல் ஏறியது. நான் மனசுக்குள் கல்யாணப் பந்தலே போட்டுவிட்டேன். ஆனால் பூசின மசகை மருந்து போடுமுன் சுத்தமாகத் துடைத்தாக வேண்டும், இது துடைக்கத் துடைக்கக் கழுத்துக்குள் எங்கேயோ போய் ஒளிந்துகொள்கிறது. மருந்தில் எண்ணெய் பட்டால் மருந்து ஊறி, சரியாக வெடிக்காது.

வாலாஜாபேட்டை விறகுக் கான்ட்ராக்டர் ஒருவர் அந்தத் தோட்டாவோடு ஜவ்வாது மலைக்குப் போனார். திரும்பி வந்தவர் திட்டுவார் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்குத் திட்டக்கூடத் தோன்றவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுச் சொன்னார்: "சுட்டேன் பாரு, துப்பாக்கி தும்முச்சு. பன்னி நின்னு என் மூஞ்சியப் பாத்துட்டு, பொறுமையா கெளம்பிப் போச்சு."

ஆட்டுக்கொழுப்பு

எண்ணெய் ஓடுகிறது, கொழுப்பு நிற்கும் என்று அடுத்து கொழுப்புக்கு மாறினேன். எங்கள் கடையில் கொழுப்பு என்று வாயெடுத்தாலே, எந்தக் கொழுப்பு என்றுதான் முதலில் கேட்பார்கள். மேல்விஷாரத்து முஸ்லிம்களுக்குப் பன்றி ஆகாது. பாதிப் பண்ணையார்களுக்கு மாடு ஆகாது. இரண்டு பக்கமும் சமாதானமாகப் போகிற பிராணி ஆடு ஒன்றுதான் என்று நானும் சாயபுவும் ஏகமனதாக முடிவுசெய்தோம். கசாப்புக் கடையில் வாங்கி, உருக்கி, வடிகட்டி, பூசிப் பார்த்தேன். பிரமாதம். சாயபுவே முதுகில் தட்டினார்.

சொந்த ஊர்க் கணியம்பாடியிலிருந்தே வந்தது வினை. அங்கே ஒரு பண்ணையார், முட்டைகூடத் தொடாத சுத்த சைவம். கரும்பில் காட்டுப்பன்றி விழுகிறதென்று துப்பாக்கி வைத்திருந்தார். ஆட்டுக்கொழுப்பு என்றதும் தோட்டாவை மேஜைமேல் வைத்துவிட்டுக் கையை உதறினார். ஐயா, இதால் ஒரு உயிரைத்தானே சுடப்போறீங்க, இதுக்கென்ன சைவம் என்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன். அவர் நிதானமாகப் பதில் சொன்னார்: "பன்னி சாகறது அதோட தலையெழுத்து. ஆட்டுக்கொழுப்பு என் கைல பட்டா அது என் தலையெழுத்து. வேற பூசு."

மீன் எண்ணெய்

எங்கள் சீமையில் தோல் பதப்படுத்துகிற இடத்தில் எல்லாம் மீன் எண்ணெய் இருக்கும். விறைத்த தோலே அதில் குழைந்துவிடும்போது பித்தளை எந்த மூலைக்கு என்று மேல்விஷாரம் தோல் தொட்டியில் வேலை செய்த ஒரு தோஸ்த்திடம் ஒரு புட்டி வாங்கிவந்தேன். பண்ணையார் தோட்டாவுக்கு மட்டும் வேண்டாம், மற்றவர்களுக்குப் பூசு என்றார் சாயபு, மூக்கைப் பிடித்துக்கொண்டு. எனக்கு வாடை தெரியவில்லை. மீன் எண்ணெயிலேயே நாலு நாள் இருந்தவனுக்கு எது தெரியும்?

ஏலகிரி அடிவாரத்தில் ஆட்டுக்குட்டிகளைச் சிறுத்தை அடித்துக்கொண்டிருந்தது. பட்டாளத்திலிருந்து வந்த ஹவில்தார் ஒருவர் எங்கள் தோட்டாக்களை மடியில் கட்டிக்கொண்டு, மரத்தில் பரண் போட்டு, சாயங்காலமே ஏறி உட்கார்ந்தார். விடிந்து இறங்கி, வண்டி பிடித்து, நேரே கடைக்கு வந்தார். தோட்டாப் பையை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னார்: "சிறுத்தை வரலை தம்பி. அதோட சின்ன சொந்தக்காரங்க, ஊர்ல இருக்கற அத்தனை பூனையும் மரத்தடிக்கு வந்துட்டுப் போச்சு."

விளக்கெண்ணெய்

சைவத்துக்குச் சைவம், பூனைக்கும் பிடிக்காது. ஆனால் வேலூர் மத்தியான வெயிலில் அது நிற்காமல் ஓடியது. ஓடுகிறதே என்று நான் இன்னும் கொஞ்சம் பூச, ஒரு பெட்டிக் கூடு தோள் நெளிந்து போயிற்று. காட்டிலாகா துரையின் கூடுகள் அவை. துரை வரவில்லை, அவருடைய பட்லர்தான் வந்தார். "துரை கேக்கறாரு, இதைத் துப்பாக்கில போடறதா, டாக்டர்கிட்ட காட்டறதா?"

நிச்சயத்தில் நடந்த அவமானம்

பட்லர் போனதும் சாயபு அச்சைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினார். நிச்சயம் முடிச்சுட்டு வா, வந்து பேசலாம் என்று மட்டும் சொன்னார். என்ன பேசப்போகிறார் என்று எனக்குத் தெரியாதா? தை மாசம் ஆம்பூர் ரயிலில் அப்பா, அம்மா, வெற்றிலைப் பாக்குத் தட்டு, வாழைத்தார் எல்லாவற்றோடும் உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் சிரிக்கிறார்கள். நான் மட்டும், இல்லாத வேலையைக் காட்டிப் பெண்ணை நிச்சயம் பண்ணப் போகிறோமே சாமி என்று ஜெபமாலையை உருட்டிக்கொண்டே போனேன்.

அருளப்பன் மேஸ்திரி வீட்டில் பாய் விரித்து உட்காரவைத்தார்கள். சுவரோரம் பாதி தைத்த பூட்ஸ், ஊசி, நூல்கண்டு. அதன் பக்கத்தில் எலுமிச்சம்பழ அளவில் மஞ்சளாய் ஒரு உருண்டை. நூலுக்குத் தேய்க்கிற மெழுகாம். சும்மா இருக்காமல் கையில் எடுத்தேன். ஒட்டவில்லை, ஓடவில்லை, விரல் சூட்டில் மட்டும் லேசாய் இளகி வழுக்கியது. அதே நேரம் புஷ்பம் காப்பி கொண்டுவந்து கொடுத்தாளாம். அம்மா சொல்லித்தான் பின்னால் தெரியும். நான் பார்த்தது காப்பி இருந்த பித்தளை டம்ளரைத்தான். மெழுகை எடுத்து டம்ளர் வெளியில் கட்டைவிரலால் தேய்த்து, முஷ்டிக்குள் இறுக்கி ஒரு அழுத்து அழுத்தினேன். வழுக்கியது பாருங்கள்! டம்ளர் என் கையை விட்டுக் கிளம்பி, மேஸ்திரியின் சலவை வேட்டியில் காப்பியோடு போய் இறங்கியது.

அப்பா என்னைப் பார்த்த பார்வையில் கடலைக்காடே தெரிந்தது. நான் அப்போதும் மேஸ்திரியிடம் மன்னிப்புக் கேட்காமல், இதில் என்ன சேர்க்கிறீர்கள் மாமா என்று கேட்டேன். தேன்மெழுகு, குளிரில் வெடிக்காமலிருக்கக் கொஞ்சம் விளக்கெண்ணெய் என்று அவரும் திகைப்பிலேயே சொல்லிவிட்டார். பெண்ணின் அத்தை மட்டும் விடவில்லை. பையன் பெண்ணைப் பார்க்க வந்தானா, மெழுகு பார்க்க வந்தானா என்று ஆரம்பித்தாள். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு குரல் வந்தது: "மெழுகுதான வேணும், எடுத்துட்டுப் போகட்டும் அத்தை. கல்யாணத்தன்னிக்கு மட்டும் கையைக் கழுவிட்டு வரச் சொல்லு."

அந்தக் குரலில்தான் நான் விழுந்தேன். முகம் அப்புறம்தான் பார்த்தேன்.

தாராளம்

மறுநாள் சாயபு வாயைத் திறக்குமுன் உருண்டையை மேஜைமேல் வைத்தேன். அவர் அதை முகர்ந்தார், கிள்ளினார், வெயிலில் வைத்துப் பார்த்தார். அப்புறம் அலமாரியைத் திறந்தார். கட்டைவிரலில் கண்ணுக்குத் தெரியாத அளவு எடுத்துக் கூட்டில் தடவி அச்சில் இறக்கினேன். சாயபு கண்ணை மூடிக்கொண்டார். கூடு இறங்கியது, ஏறியது, தோளில் ஒரு நெளிவு இல்லை. துணியால் ஒரு துடை, பளிச். அன்று சாயங்காலம்வரை திருகினோம். ஒன்றாவது மாட்டவேண்டுமே! சாயபு பிரியாணி வரவழைத்தார்.

மேஸ்திரி அதுமுதல் மாசா மாசம் ஒரு தகர டப்பியில் மெழுகு காய்ச்சிக் கொடுக்க ஆரம்பித்தார். பூனை வரவில்லை, துப்பாக்கி தும்மவில்லை. எனக்கிருந்த ஒரே பயம் கணியம்பாடிப் பண்ணையார்தான். தேனீ கட்டுகிற கூட்டு மெழுகு ஐயா என்று பயந்துகொண்டே சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. தேனைச் சாமிக்கே அபிஷேகம் பண்றோம், தாராளமா பூசு என்றார். உள்ளேயிருந்து சாயபு குரல் கொடுத்தார்: "தாராளம் கீராளம் வேணாம் சவரி. கம்மியா."

வைகாசி வெயிலில்

வேலை தங்கியது, கல்யாணமும் நிலைத்தது. ஆம்பூர் மாதா கோயிலில் பூசை. மாமா வாசலிலேயே அந்த மாச டப்பியை என் கையில் திணித்து, சாயபு வந்திருக்கார், மறக்காமல் கொடுத்துடு என்றார். கொடுக்க எங்கே நேரம்? கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு பீடத்துக்கு முன்னால் போய் நின்றேன். கையை நாலு தரம் கழுவியிருந்தேன், அவள் சொன்னபடி.

பங்குச் சாமியார் மோதிரத்தை மந்திரித்துக் கொடுத்தார். புஷ்பத்தின் விரலில் போட்டேன். நடுக்கணுவில் போய் நின்றுவிட்டது. அளவெடுத்தது தைமாசக் குளிரில். இது வைகாசி, விரலெல்லாம் வெயிலில் உப்பிக் கிடக்கிறது. அழுத்தினேன், அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். திருகினேன், அசையவில்லை. சாமியார் தொண்டையைக் கனைத்தார். பின்னால் அத்தை ஆரம்பித்துவிட்டாள், மோதிரம் ஏறாத கல்யாணம் உருப்படுமா மாதாவே என்று. கோயில் முழுக்க முணுமுணுப்பு. புஷ்பத்தின் கண்ணில் தண்ணீர் முட்டியது. எனக்கு ஐப்பசி மாசத்திலிருந்து பட்ட பயமெல்லாம் ஒன்றாய்த் திரண்டு வந்தது. எத்தனை கூட்டை இறக்கியிருக்கிறேன், இவள் விரலில் ஒரு மோதிரம் இறக்கமுடியாதா என்று ஒரு ரோஷமும் வந்தது.

கோட்டுப் பைக்குள் கையை விட்டு டப்பியைத் திறந்தேன். சாமியார் பார்க்கப் பார்க்க, கட்டைவிரலில் மெழுகை வழித்து அவள் விரல் கணுவுக்குக் கொண்டுபோனேன். புஷ்பத்துக்கு மெழுகு என்று புரிந்துவிட்டது, அழுகையிலேயே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கோயிலே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, வாசல் நிலையில் துருக்கித் தொப்பியோடு நின்ற கரீம் சாயபு பொறுக்கமாட்டாமல் உரக்கச் சொன்னார்: "கம்மியா பூசு சவரி, ஜாஸ்தி பூசினா நெளிஞ்சுடும்."

இத்தனை வருஷத்தில் நான் அச்சில் இறக்கிய கூடெல்லாம் கழன்று வந்துவிட்டது, அந்த மோதிரம் மட்டும் இன்றுவரை கழலவில்லை, அதற்கு மசகு தேடவும் எனக்கு மனசில்லை.