மெயின்டெய்னர்: வாசுகி

1. பதில் போடாத இருவர்

அந்த ஈமெயில் வந்தபோது நான் கல்முனையில் ஒரு கொம்பியூட்டர் வகுப்பில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சுனாமி அடித்துச் சில வருடங்கள் கழிந்திருந்தன. வன்னியில் யுத்தம் கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தது.

எழுதியவர் வெளிநாட்டில் இருந்த திட்டப் பொறுப்பாளர்; திட்டத்தில் இருந்த எல்லோருக்கும் அனுப்பியிருந்தார். எங்கள் திட்டம் ஒரு எமுலேட்டர். ஒரு கொம்பியூட்டருக்குள் வேறொரு கொம்பியூட்டரை மென்பொருளாகவே ஓட வைப்பது அது. சம்பளமில்லாமல் பல நாட்டவர் சேர்ந்து எழுதுவது. அதில் ஒவ்வொரு புரொசெஸர் மொடலுக்கும் ஒரு வரையறை உண்டு: அதன் அடையாள எண், அதற்குத் தெரிந்த கட்டளைகள், தொடக்கும்போது இருக்கவேண்டிய பெறுமதிகள்.

"இந்த வரையறை ஃபைலை முழுதாகத் திருத்தி எழுத வேண்டும். ஜவ்பர், வாசுகி இருவருக்கும் பல தடவை எழுதியும் பதில் இல்லை. யாரும் பொறுப்பெடுக்காவிட்டால் அவர்களுடைய மொடல்களை நீக்கிவிடுவோம்" என்று எழுதியிருந்தார்.

ஜவ்பர் என் கணவர். சுனாமி அடித்த அந்த ஞாயிறு காலை கடற்கரையோரம் இருந்த தன் உம்மா வீட்டுக்குப் போனார். மாமியைக் கூரையில் ஏற்றிவிட்டார். அவருக்கு ஏற நேரம் கிடைக்கவில்லை.

வாசுகி, என்னோடு படிப்பித்த யோகன் சேரின் தங்கச்சி. பக்கத்து ஊரான பாண்டிருப்பு ஆட்கள். எங்கள் வகுப்பில்தான் ஜவ்பரும் அவளும் சேர்ந்து இந்த வேலையைத் தொடங்கினார்கள். சமாதான காலத்தில் வாசுகி வன்னிக்குப் போய் அங்கே பிள்ளைகளுக்குக் கொம்பியூட்டர் படிப்பித்தாள். யுத்தம் திரும்பத் தொடங்கி வன்னிப் பாதையைப் பூட்டிய பிறகு அவளிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை.

நான் பதில் எழுதினேன். 'ஜவ்பர் கடலில் மௌத்தாகிவிட்டார். வாசுகி யுத்தம் நடக்கும் இடத்தில் இருக்கிறாள். வேலையை நான் செய்கிறேன்.' அனுப்பிவிட்டு வகுப்புக்குப் போய் வழக்கம்போல் பாடம் நடத்தினேன்.

2. வேலை

இருவரும் ஒரு மொடலை எழுதி முடித்தால், அதைக் கொப்பி பண்ணித்தான் அடுத்ததைத் தொடங்கியிருந்தார்கள். அதனால் ஒரே வரிகள் திரும்பத் திரும்பக் கிடந்தன. நான் செய்ய வேண்டியது, எல்லாவற்றையும் ஒரே அட்டவணைக்குக் கொண்டுவருவது. பொதுவானதை அடிப்படை மொடலில் ஒருமுறை எழுதி, மற்ற மொடல்களில் வித்தியாசத்தை மட்டும் வைப்பது. ஓடும் விதம் கொஞ்சமும் மாறக் கூடாது.

ஜவ்பர் சமன் குறிகளை ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கி எழுதுவார். வாசுகிக்கு அந்தப் பொறுமை கிடையாது. குறிப்பும் எழுத மாட்டாள். பெயரைப் பார்க்காமலே எது யாருடையது என்று தெரிந்தது. ஜவ்பருடைய வரிகளை நீக்கும்போது அழுதேன். அவர் மௌத்தான பின் வீட்டோடு இத்தா இருந்த மாதங்களில்கூட நான் அவ்வளவு அழவில்லை.

ஒருநாள் மாமி தேத்தண்ணி கொண்டுவந்தவ, என் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றா.

"என்ன புள்ள, வேல கஷ்டமா?"

"கஷ்டமில்ல மாமி. அவர் எழுதினதப் பாக்கன்."

மாமி கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டு இருந்தா. அவவுக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. தேத்தண்ணி ஆறும் வரைக்கும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தா.

வாசுகியின் இரண்டு மொடல்கள் ஒன்றுபோலவே இருந்தன. ஒன்றாக்கிவிட்டேன். டெஸ்ட் பண்ணுவது யோகன் சேர். அடுத்த நாளே வந்து சொன்னார்.

"மிஸ், இரண்டாவது மொடல் பூட் ஆகுதில்ல. ஒரு தொடக்கப் பெறுமதி வித்தியாசம். நீங்க சேக்கக்குள்ள அது போயிட்டு."

"மெனுவலில அப்பிடி இல்லையே, சேர். பிழையா அடிச்சிருக்காள் எண்டு நினச்சன்."

"வேணுமெண்டுதான் போட்டிருக்காள். ஏனெண்டு கேக்கத்தான் ஆளில்ல." உடனே அவரே திருத்திக்கொண்டார். "அவள் வரட்டும். மறுகா கேப்பம்."

அந்தப் பெறுமதியைத் திரும்பப் போட்டேன். மொடல் பூட் ஆகி ஓடத் தொடங்கியது. ஏன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

3. மே மாதம்

யுத்தம் முடிந்ததென்று அறிவித்த அன்று பிரதான வீதியில் வெடி கொளுத்தினார்கள். வகுப்புக்கு லீவு விட்டோம். யோகன் சேர் போகவில்லை. எல்லா மொடல்களையும் முதலிலிருந்து டெஸ்ட் பண்ணத் தொடங்கினார். அதற்குத் தேவையே இருக்கவில்லை.

"வீட்ட போங்க, சேர்."

"அம்மா ரேடியோவுக்குப் பக்கத்திலயே இருக்கா. நான் போனா என்ட முகத்தப் பாப்பா. கொஞ்ச நேரம் இங்க இருந்திட்டுப் போறன்."

ஜன்னல்களைச் சாத்திவிட்டு நானும் இருந்தேன்.

கடைசியாக மிஞ்சியது மெயின்டெய்னர் பட்டியல். எந்த மொடலுக்கு யார் பொறுப்பு என்று காட்டுவது. ஜவ்பரின் மொடல்களுக்கு என் பெயரைப் போட்டேன். பொறுப்பாளர் இல்லாதவற்றுக்கு எங்கள் தொழிலில் ஒரு சொல் உண்டு: 'ஓர்ஃபன்'. வாசுகியின் மொடல்களுக்கு அதை அடித்தேன். யோகன் சேர் பின்னால் நின்றதை நான் கவனிக்கவில்லை.

"மிஸ், என்ட தங்கச்சிய அநாதையெண்டு எழுதாதீங்க."

"ஆளுக்கில்ல, சேர். மொடலுக்குத்தான் அந்தச் சொல்."

"விளங்குது. எண்டாலும் வேணாம்."

அழித்தேன். 'மெயின்டெய்னர்: வாசுகி' என்று பழையபடி விட்டு, கீழே என் ஈமெயிலைச் சேர்த்தேன். பொறுப்பாளர் காரணம் கேட்டார். "அவளுக்கு வரும் கேள்விகளுக்கு நான் பதில் சொல்கிறேன்" என்று எழுதினேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

யோகன் சேர், வன்னியிலிருந்து வந்தவர்களை வைத்திருந்த வவுனியா முகாம்களுக்குத் தங்கச்சியின் படத்தோடு போய் விசாரித்தார். கடைசி மாதத்தில் கண்டதாக ஒருவர் சொன்னார். கண்டது வேறு பிள்ளை என்று இன்னொருவர் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு தகவலும் கிடைக்கவில்லை.

4. தொலைபேசி

பல வருடங்களுக்குப் பிறகு யோகன் சேர் கோல் எடுத்தார். தாயின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்திருந்தது.

"மிஸ், அந்தப் பெயர இனி எடுக்கலாம். அம்மாவுக்காகத்தான் விடச் சொன்னன்."

"அம்மாவுக்கு இதப் பத்தித் தெரியுமா?"

"ஓம். தங்கச்சிட வேல அப்பிடியே நடக்குது எண்டு சொல்லி வச்சிருந்தன்."

அவர் லைனில் இருக்கும்போதே ஃபைலைத் திறந்து, பெயரை எடுத்து என் பெயரைப் போட்டேன். எடுத்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் லைனை வெட்டவில்லை. நானும் வெட்டவில்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பக்கத்தில் இருப்பவர் எழுதியது விளங்காவிட்டால் அன்றைக்கே கேளுங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள். நான் அந்த இருவரோடும் வருடக்கணக்காக ஒரே அறையில் இருந்தேன். அந்த நேரம் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.